மடித்த மூலைகள்

முதலில் இடது கை ஆள்காட்டி விரல். ஒரு காலையில் அது மடங்க மறுத்தது. கையை அழுத்திப் படுத்திருப்போம் என்று நினைத்துக்கொண்டார். அப்போது அவருக்கு நாற்பத்தொரு வயது. நகரத்து மேற்கத்திய இசைக்குழுவில் இரண்டாம் வயலின்களின் முன்வரிசையில் பதினாறு வருடங்கள் உட்கார்ந்தவர். சுருதி அடித்து இறக்கியது போல் நிற்கும் என்பதால் குழுவில் அவருக்கு ஆணி என்று பெயர். வீட்டுக்கு ஃபோன் செய்பவர்களும் "ஆணி இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள்.

மருத்துவர் முடக்குவாதம் என்றார்.

"குணமாயிடுமா?"

"கட்டுக்குள்ள வச்சுக்கலாம்."

மாத்திரைகள் அவரைத்தான் கட்டுக்குள் வைத்தன. முகம் உப்பியது. வாயில் புண் ஆறவில்லை. விரல் கணுக்கள் பருத்தன.

ஒத்திகை பத்து மணிக்கு. கை இளக நேரம் பிடித்ததால் ஏழுக்கு எழுந்தவர் ஆறுக்கு எழுந்தார், பிறகு ஐந்துக்கு. சமையலறையில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சட்டைப் பொத்தான்களை மனைவி போட்டுவிடுவாள்.

"கல்யாணமான புதுசுலகூட இவ்வளவு கிட்ட நின்னதில்ல" என்பாள். முதல் வருடம் இருவரும் இதற்குச் சிரித்தார்கள்.

ஐந்தாம் வருடம் அவரே கேட்டுக் கடைசி வரிசைக்குப் போனார். எந்த நாற்காலியானாலும் சரி, குழுவில் ஒரு நாற்காலி இருக்க வேண்டும்; அவ்வளவுதான் அவர் விரும்பியது. கடைசி வரிசையில் மனைவியின் தம்பி வாசித்துக்கொண்டிருந்தான். இசைத்தாள்களை வைக்க இருவருக்கு ஒரு தாள்தாங்கி. வெளிப்பக்கம் இருப்பவர் நிறுத்தாமல் வாசிப்பார். உள்பக்கம் இருப்பவர் வில்லை இறக்கிப் பக்கம் புரட்டுவார்.

"நான் உள்பக்கம் உக்காந்துக்கிறேன்டா."

"உக்காருங்க அத்தான். ஆணியே எனக்குப் பக்கம் புரட்டுறார்னு ஊரெல்லாம் சொல்லிக்கிறேன்."

வேகமான இடங்களில் அவர் வில் தந்திக்கு ஒரு நூல் மேலே ஓடியது. தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மைத்துனன் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அழுத்தி வாசித்தான். அதைப் பற்றி அவன் யாரிடமும் பேசவில்லை, அவரிடமும்.

மிச்சமிருந்தது பக்கம் புரட்டும் வேலை. அதற்கும் விரல் நுனி வேண்டியிருந்தது. அவர் விரல்களுக்கு ஒரு தாளும் இரண்டு தாளும் ஒன்றுதான். எனவே கச்சேரிக்கு முன் தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றின் கீழ் மூலையையும் மேல்நோக்கி மடித்துவைத்தார். மடிப்புக்குள் கட்டைவிரலைக் கொடுத்துத் தள்ளினால் போதும். இரண்டு வருடங்கள் இப்படி ஓடின.

ஒரு கச்சேரியன்று மேடையில் புதிய தாள்கள் இருந்தன.

"பழசு மூலையெல்லாம் நைஞ்சு கிடந்துது சார். உங்களுக்குன்னு புதுசா எடுத்து வச்சேன்" என்றாள் தாள்களைப் பராமரிக்கும் பெண். அவர் நன்றி சொன்னார். அவசரமாக மூன்று மூலைகளை மடித்தார். நான்காவதைத் தொடும்போது சுருதி சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

நான்காவது புரட்டலில் இரண்டு தாள்கள் சேர்ந்து போயின. மொத்தக் குழுவும் நின்று மூச்சுவிட வேண்டிய இடம் அது. மைத்துனனின் கண் பார்த்ததைக் கை வாசித்தது. நிசப்தமான அரங்கில் மூன்று சுரங்கள், தனியாக, உரக்க.

குழுவை நடத்துபவரை முதுகுக்குப் பின்னால் கோல்காரர் என்பார்கள். இடைவேளையில் அவர் நேராக மைத்துனனிடம் வந்தார்.

"முன்வரிசை வேணும்னு எழுதிக் குடுத்திருக்க. மூணு தட்டு எண்ணத் தெரியல?"

"தப்புதான் சார்."

"இனி முன்வரிசைப் பேச்சே எடுக்காத."

மைத்துனன் தலைகுனிந்தான். ஆணி வயலினைக் கீழே வைத்தார்.

"பக்கத்தை நான்தான் தப்பாப் புரட்டினேன்."

"அத்தான், சும்மா இருங்க."

"விரல் வரல சார். ரெண்டு வருஷமா பாதி இடத்துல நான் வாசிக்கிறதே இல்ல."

கோல்காரர் அவர் கைகளைப் பார்த்தார். பிறகு மைத்துனன் பக்கம் திரும்பினார்.

"பக்கத்துலயே உக்காந்திருக்க. உனக்குத் தெரியுமா?"

மைத்துனன் அத்தானைப் பார்த்தான். அதுவே போதுமாக இருந்தது.

அடுத்த வாரம் இருவருக்கும் கடிதம் வந்தது. அவருக்கு ஓய்வு. மறைத்ததற்காக அவனுக்குக் கடைசி வரிசையே நிரந்தரம். அவன் அக்காவிடம் ஃபோனில் ஒரே ஒரு முறை பேசினான்.

"வாயைத் திறக்காம இருந்திருந்தா எனக்கு ஒரு திட்டோட போயிருக்கும், அடுத்த வருஷம் திரும்ப எழுதிக் குடுத்திருப்பேன். நல்லவனா இருக்கணும்னு அவருக்கு அன்னிக்குதான் தோணுச்சா?"

அதன்பிறகு அவன் வீட்டுக்கு வரவில்லை.

ஆணி இன்னமும் ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறார். வெந்நீர் வைத்துக்கொள்கிறார்.

"இப்ப எதுக்கு இது?" என்றாள் மனைவி.

"பத்து மணிக்கு இளகிடும்."

"இளகி?"

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பொத்தான்களைப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

பத்து மணிக்கு, வழக்கம்போல், விரல்கள் இளகின.