ஆர்வில் வாங்கிய மூன்று ஜாயிண்ட்டுகள்

ஆர்வில் ஹாகனுக்கு மறதி வந்துவிட்டது என்று முதலில் சொன்னவள் அவன் மனைவி டார்லீன். கண்ணாடியை ஃபிரிட்ஜில் வைத்தானாம். சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தானாம். ஊரே நம்பியது, நானும் நம்பினேன்.

எங்கள் மொன்டானா மலைச் சாலையில் பனி விழுந்தால் வண்டி முன்னால் பலகை மாட்டித் தள்ளுகிறவன் அவன்தான். பள்ளிப் பேருந்து வருவதற்குள் முடித்துவிடுவான். நன்றி சொன்னால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வான். கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டுவான், அதோடு சரி. எனக்குக் கோபம் வந்தால் மூன்று பண்ணைக்குக் கேட்கும்.

இந்த வருடம் முதல் பனிக்கு முன்பே அவன் வண்டி மக்கர் செய்தது. ஸ்டியரிங்கை ஒடித்தால் முன்பக்கம் டக் டக்கென்று சத்தம். முன் ஆக்சில் சக்கரத்தோடு சேரும் இடத்தில் சிலுவை மாதிரி இருக்குமே, யு-ஜாயிண்ட், அது தேய்ந்திருந்தது.

டார்லீன் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "லைல், நீங்க கூட இருந்து பாருங்க. இந்த ஒரு வேலையை அவன் குழப்பிட்டான்னா வண்டியை வித்துடுவேன். ஸ்போக்கேன்ல பொண்ணு வீட்டுக்கே போயிடறோம்."

"ஐயோ, வண்டி இல்லேன்னா அவன் செத்துருவானே!"

"வண்டியோட பள்ளத்துல விழுந்தாலும்தான் சாவான்."

வண்டியின் வருடத்தைச் சொல்லி ஆர்வில் ஜாயிண்ட் வாங்கி வந்தான். கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இல்லாத, மூடிய ரகம். நிப்பிள் வைத்தது உள்ளே துளை போட்டது, பலம் குறைவு என்பது அவன் கட்சி.

"அதுவும் போக, கிரீஸ் அடிக்க மறந்துடுவேன்னுதான் ஊரே சொல்லுதே" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

சக்கரத்தைக் கழற்றி ஆக்சிலுக்குள்ளிருந்த ஷாஃப்டை உருவினோம். துருப்பிடித்த பழைய ஜாயிண்ட் என் சுத்தியல் அடியில் நொறுங்கியது. புதியது அந்த ஓட்டையில் லொடலொடவென்று ஆடியது. எங்கள் ஊரில் வண்டியின் வருடம் கதவுக்கு மட்டும்தான் பொருந்தும், மற்றதெல்லாம் யார் யாரோ வண்டியிலிருந்து வந்தது. அது தெரிந்தும் ரெண்டு பேரும் கோட்டை விட்டோம்.

ஆர்வில் தயங்கினான். "லைல், இந்த ஆக்சில் உன் பழைய வண்டியோடது இல்ல?"

"உளறாதடா! என் வண்டியை முழுசா வித்தேன். இது கீழ்ப் பண்ணை ஹார்லனோட பச்சை வண்டியோடது. புத்தி எங்க போச்சு உனக்கு?"

தொப்பியைக் கழற்றி மாட்டினான். ஹார்லன் வண்டியின் வருடத்துக்கு வாங்கி வந்தான். அது உள்ளேயே போகவில்லை.

"ஹார்லனோடதுதான், கடைக்காரன்தான் தப்பாக் குடுத்துட்டான்" என்று நான் கத்திக்கொண்டிருந்தபோது ஆர்வில் வண்டிக்கடியில் படுத்துக் கம்பி பிரஷ்ஷால் ஆக்சிலைத் தேய்த்தான்.

"வந்து பாரு."

தவழ்ந்து போய்ப் பார்த்தேன். துருவுக்கும் சேற்றுக்கும் அடியில் நீலம். என் தொழுவக் கதவின் நீலம். ஆக்சிலுக்கும் பெயிண்ட் அடிக்கிற கிறுக்கன் இந்த மலையில் ஒருத்தன்தான், அது நான்தான்.

"எப்படா குடுத்தேன்?"

"ஓடைப் பாலத்துல என்னோடது முறிஞ்சப்போ. சேர்ந்துதானே மாட்டினோம். டார்லீன் மான்கறி சூப் ஊத்தினா, நீ நாக்கைச் சுட்டுக்கிட்டே."

தேடிப் பார்த்தேன். பாலம் நினைவிருந்தது, சூப்பு இல்லை, ஆக்சில் இல்லை.

"தெரிஞ்சுமா ஹார்லனோடதுக்கு வாங்கினே?"

"நீ அடிச்சுச் சொன்னியே. எனக்குத்தான் மறதின்னு நெனச்சேன்."

என் வண்டியின் வருடத்துக்கு வாங்கிய மூன்றாவது, கச்சிதமாக உட்கார்ந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து முற்றத்தில் சுற்றினான், ஒரு சத்தமும் இல்லை.

சமையலறையில் டார்லீன் காபி ஊற்றினாள். "மூணு தடவை கடைக்கு ஓட்டம். யாரு குழப்பினது?"

ஆர்வில் என்னைப் பார்க்கவில்லை. "நான்தான்" என்றான்.

அவள் கெட்டிலை வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். என் காபி ஆறிக்கொண்டிருந்தது. இந்த வயசுக்கு மேல் எனக்கென்ன வெட்கம் என்று ஒரு மனம் சொன்னது, வாயைத் திறக்காதே என்று இன்னொரு மனம் சொன்னது.

"பொய் சொல்றான் டார்லீன்" என்றேன். "அவன் முதல்லயே சரியாச் சொன்னான். நான்தான் கத்தி அடக்கினேன். மறதி எனக்கு."

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சாவியை எடுத்து ஆர்வில் முன்னால் வைத்தாள்.

வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது. ஆர்வில் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தான்.

"ஏறு, உன்னை வீட்ல விட்டுட்டு வர்றேன்."

என் வீடு சாலைக்கு அந்தப் பக்கம், எதிரிலேயே இருக்கிறது. இருந்தாலும் ஏறிக்கொண்டேன்.