தம்பி வீட்டுக்கு வந்துட்டான்

ஆபீசில் அவள் எழுதிய புரோகிராமெல்லாம் கம்பெனிக்கு. வீட்டில், கீல் உடைந்த பழைய லேப்டாப்பில் எழுதியதுதான் அவளுக்கென்று இருந்தது. அப்படி ஒரு விடுமுறையில் செய்த புரோகிராம் அது. எந்த போன் வீட்டு வைஃபையில் சேர்கிறது, எது விலகுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். அதே லேப்டாப்பில் ஓடும் சின்ன மொழி மாடல் அதை வாக்கியமாக்கி அவள் போனுக்கு அனுப்பும். “அப்பா வெளியே போயிருக்கார்”, “தம்பி வீட்டுக்கு வந்துட்டான்” என்று ஆள் பேசுவதுபோலவே எழுதும். நேரங்கழித்து வந்து மாட்டிக்கொண்ட தம்பிதான் அதற்குக் கோள்மூட்டி என்று பேர் வைத்தான்.

அவன் பைக் விபத்தில் இறந்த பிறகு அவள் அந்த லேப்டாப் பக்கமே போகவில்லை. அணைக்கவும் மனம் வரவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சில மாதம் கழித்து ஒரு மதியம், மேனேஜர் பேசிக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது.

“தம்பி வீட்டுக்கு வந்துட்டான்.”

பழைய பதிவு எதுவோ மறுபடி ஓடியிருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, மேஜையிலிருந்தே வீட்டு ரவுட்டருக்குள் நுழைந்து பார்த்தாள். தம்பியின் போனேதான். சிக்னல் பலமாக இருந்தது. சற்று நேரத்தில் விலகிப்போனது.

மறுநாளும் வந்தது. அப்பாவிடம் கேட்க நாக்கு எழவில்லை. அவரும் மகனும் முகங்கொடுத்துப் பேசாமல் இருந்தபோதுதான் விபத்து நடந்தது. அதற்குப் பிறகு அவன் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

அடுத்த நாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். கதவைத் திறக்கும்போதே உள்ளே தம்பியின் ரிங்டோன் கேட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். அவன் கட்டிலில் அப்பா உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் அவருடைய போன். இன்னொரு கையில் அடித்துக்கொண்டிருந்த அவன் போன்.

அவர் மறைக்கவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பினார். ‘எங்கப்பா’ என்று இருந்தது. கூடவே அவர் சிரிக்கிற படம் ஒன்று. எப்போது எடுத்தான் என்று அவருக்கே தெரியாது.

“பேச்சு நின்னுபோன அப்புறமும் இதை அவன் மாத்தலம்மா,” என்றார். “கூப்பிட்டாத்தான் இது தெரியுது. நான்தான் கூப்பிடவே இல்லையே.”

மணி தானாக ஓயும்வரை அவளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் சிம்முக்கு அவர்தான் ரீசார்ஜ் செய்துவருகிறாராம். மதியம் சாப்பிட்டதும் அவன் போனை ஆன் செய்து ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு அணைத்துவிடுவாராம்.

தினமும் நெஞ்சு திக்கென்று அடித்துக்கொள்ள வேண்டாமே என்று, அன்றே தம்பியின் பேரை புரோகிராமிலிருந்து எடுத்துவிட்டாள். மறுநாள் மதியம் செய்தி வந்தது: “யாரோ தெரியாதவர் வீட்டுக்குள்ள வந்திருக்கார்.” அதை அவளால் பொறுக்க முடியவில்லை. பேரைத் திரும்பப் போட்டாள்.

பிறகு பழகிவிட்டது. அந்த வரி வந்தால் அப்பா சாப்பிட்டு முடித்தார் என்று அர்த்தம்.

ஒரு நாள் அவர் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். வரி வரவில்லை. மதியம் சாய்ந்த பிறகு வேறொன்று வந்தது.

“தம்பியை இன்னும் காணோம்.”

தினமும் வருகிறவர் வராவிட்டால் சொல் என்று அவளே எப்போதோ எழுதிவைத்ததுதான். காரணம் தெரிந்தும் அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஆபீஸ் வராந்தாவுக்குப் போய் அப்பாவைப் போனில் கூப்பிட்டாள். ஆட்டோவில் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்.

“வீட்டுக்குப் போனதும் அவனை ஒரு தடவை கூப்பிட்டுடுங்கப்பா,” என்றாள்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. சரிம்மா என்றார்.