மௌனத்தில் முடியும் இசை

என் அக்கா புருஷனைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டுத்தான் பாடுவார்கள். பெரிய மேதையாம், மௌனத்துக்கே இசையமைத்தவராம். எனக்கு அப்படியெல்லாம் சொல்ல வராது. நான் அந்த வீட்டில் வளர்ந்தவள், மேதையின் அழுக்குச் சட்டையைத் துவைத்தவள்.

அத்தானுக்கு அப்போது நாட்டியப் பள்ளி ஒன்றில் பியானோ வாசிக்கிற வேலை. குட்டிப் பெண்கள் சுவர்க்கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கி இறக்க, இவர் அதே நாலு வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். பல் பிடுங்க உட்கார்ந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வாசிப்பார். வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேஜை அவருடையது. வீட்டில் இருந்த பியானோவைத் தொடாமல், எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே கேட்டு, கோடு போட்ட தாளில் பென்சிலால் எழுதுவார். நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவோம். நாலு வாத்தியத்துக்கு எழுதினார், முழு இசைக்குழுவுக்கு எழுதினார், ஊர் ஊராக அனுப்பினார். எல்லாம் கிணற்றில் போட்ட கல். அவர் எழுதியதில் ஜனங்கள் காதில் விழுந்தது ஒரு சோப்பு விளம்பரம் மட்டும்தான். அதை யாராவது முணுமுணுத்தால் விருட்டென்று எழுந்து போய்விடுவார்.

அக்கா பாட்டு டீச்சர். முன்னறையில் எப்போதும் பிள்ளைகள் பாடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில்தான் நான் பாடம் படித்தேன், ஆனாலும் இசை விஷயத்தில் நான் சுத்த மரக்கட்டை. அக்காவோ ஒருமுறை கேட்டதை அப்படியே திருப்பிப் பாடுவாள். அவளுக்குப் போய்க் காது மங்க ஆரம்பித்தது. முதலில் அழைப்பு மணி கேட்கவில்லை. அப்புறம் சின்னப் பிள்ளைகள் பாடுவது கேட்கவில்லை, வாயசைவைப் பார்த்துத் திருத்தினாள். மேல் சுரங்கள் முதலில் போய்விடும், கீழ் சுரங்கள் இன்னும் சில வருஷம் நிற்கும் என்றார் காது டாக்டர். காதில் வைத்துக்கொள்ள ஒரு மிஷினும் கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் நகரத்து இசைக்குழுவிலிருந்து அத்தானை முதல் தடவையாகக் கூப்பிட்டு ஒரு படைப்பு கேட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, ராப்பகலாக உழைத்தார். ஒருநாள் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சத்தமாகச் சொன்னார்.

"இதுல ஒரு இடம் உனக்காகவே எழுதியிருக்கேன். எல்லாரும் நிறுத்திடுவாங்க, செல்லோ மட்டும் அடியில வாசிக்கும். உனக்கு நல்லாக் கேக்கும். எந்த இடம்னு மட்டும் சொல்ல மாட்டேன், நீயே கண்டுபிடி."

அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே, புதுப்பெண் தோற்றாள். கச்சேரி நாள் வரைக்கும் தரையில் கால் பாவவில்லை அவளுக்கு.

நாங்கள் இருவரும் முன்வரிசையில் உட்கார்ந்தோம். அத்தான் பக்கவாட்டு மாடத்தில். கண்டக்டர் என்றால் டிக்கெட் கிழிப்பவர் என்று நினைக்கிற குடும்பம் எங்களுடையது. அங்கே இசைக்குழுவை நடத்துகிற கண்டக்டர் கையில் குச்சியோடு வந்து நின்றதும் எனக்குச் சிரிப்பு. அக்கா சிரிக்கவில்லை. ஆரம்பித்ததுமே கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கடைசி வரை திறக்கவில்லை.

வாசித்துக்கொண்டே வந்தவர்கள் ஓரிடத்தில் சட்டென்று நின்றார்கள். அப்படி ஒரு அமைதி. யாரோ ஒருத்தர் கைதட்டினார். அவ்வளவுதான், மண்டபமே எழுந்து தட்டியது. கண்டக்டர் ஒரு நிமிஷம் தடுமாறினார், பிறகு கையை இறக்கி, திரும்பி, வணங்கினார். பெரிய வயலின் மாதிரி ஒன்றைக் காலிடுக்கில் நிறுத்தியிருந்த செல்லோக்காரர்கள் வில்லைத் தந்தியில் வைத்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு கைதட்டலா என்று மலைத்துப்போய்விட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்கு என்ன தெரியும்? கண்டக்டர் மாடத்தைக் கைகாட்டினார். அத்தான் எழுந்து, இருங்கள் என்கிற மாதிரி கையை உயர்த்தினார். கைதட்டல் இன்னும் பலமானது. உயர்ந்த கை மெல்ல மார்புக்குப் போனது. குனிந்து வணங்கினார்.

டாக்சியில் அக்கா அழுதுகொண்டே வந்தாள்.

"கண்ணை மூடிக் கவனமாத்தான் கேட்டேன். நீங்க சொன்ன இடம் எனக்குக் கேக்கவே இல்லீங்க. அடியில இருக்கிறதும் போயிடுச்சு."

அத்தான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த வாரம் அக்கா பிள்ளைகளையெல்லாம் வேறு டீச்சரிடம் அனுப்பிவிட்டாள். காது மிஷினைக் கழற்றி அலமாரியில் போட்டாள். மறுபடி டாக்டரிடம் போகலாம் என்று நான் தலைகீழாக நின்று பார்த்தேன், இனிமேல் எதற்கு என்றுவிட்டாள். பியானோ பக்கமே போகவில்லை, எந்த இசைத் தாளையும் கையில் எடுக்கவில்லை.

அத்தானுக்கோ அன்றிலிருந்து சுக்கிர திசை. மௌனத்தில் முடிக்க என்ன துணிச்சல் என்று பத்திரிகைகள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. இவரும் மேடைக்கு மேடை மௌனத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் பாதியில் நிற்கும், அதற்கும் பரிசு கொடுத்தார்கள். நாட்டியப் பள்ளி வேலையை விட்டார், பெரிய வீடு வாங்கினார். அந்த வீட்டில் அக்காவுக்கு ஒவ்வொரு சத்தமாக நிஜமாகவே அடங்கிப்போனது. சமையலறையில் ஒரு சின்னக் கரும்பலகை மாட்டினோம். அவளிடம் எதைச் சொல்வதானாலும் அதில் எழுத வேண்டும்.

போன மாதம் அந்த இசைக்குழுவில் இருந்த செல்லோக்காரர் ஒருவர் சாப்பிட வந்தார். அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில் அவர் அத்தானிடம் கேட்டார்.

"அந்தக் கடைசிப் பகுதியை ஏங்க அச்சடிச்ச இசைப் புத்தகத்துல வெட்டிட்டீங்க? எங்களுக்குன்னு எழுதினது அது ஒண்ணுதான். அன்னிக்கு வில்லை வச்சுட்டுத் தயாரா உக்காந்திருந்தோம், முடிஞ்சிடுச்சுன்னு ஜனங்க கைதட்டினதும் கண்டக்டர் எங்களை அம்போன்னு விட்டுட்டாரு."

டாக்சியில் அக்கா அழுதது எனக்கு ஞாபகம் வந்தது. அத்தான் தட்டிலிருந்து நிமிரவில்லை. அக்கா சிரித்தபடி விருந்தாளிக்கு இன்னும் கொஞ்சம் வைத்தாள்.

அவர் போனதும் சமையலறையில் வைத்து அத்தானை ஒரு பிடி பிடித்தேன். கைதட்டலுக்கு ஆசைப்பட்டு ஒருத்தியை உயிரோடு புதைத்துவிட்டீர்களே, நீங்களெல்லாம் ஒரு மனுஷனா என்று கேட்டேன்.

"அவ நிம்மதியா இருக்கா. இப்போ எதுக்குக் கிளறணும்?" என்றார்.

அக்கா எங்கள் இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பலகையை அழித்துவிட்டு எழுதினேன்: 'உனக்காக எழுதிய இடத்தை அன்றைக்கு வாசிக்கவே இல்லை.'

அவள் படித்தாள். கிட்டே போய் இன்னொரு தடவை படித்தாள். கத்துவாள், எதையாவது தூக்கி எறிவாள் என்று காத்திருந்தேன். அவள் அத்தானிடம் திரும்பி, காது கேட்காதவர்களுக்கே உரிய அந்தப் பெரிய குரலில் கேட்டாள்.

"அப்போ அன்னிக்கு எனக்குக் காது கேட்டுச்சா?"

அத்தான் ஆமாம் என்று தலையாட்டினார்.