கம்பிக்கதவில் நின்ற புயல்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலை சிங்கப்பூரைப் புயலிலிருந்து காப்பாற்றினேன். சிங்கப்பூர் இன்னும் நன்றி சொல்லவில்லை.

விடியும்போதே மேற்கிலிருந்து காற்று. தேக்காவில் எங்கள் பத்தாவது மாடி வீட்டு ஜன்னல்கள் தடதடத்தன. பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டிருந்த மூங்கில் கழியிலிருந்து ஒரு சட்டை பறந்தே போய்விட்டது. முக்கால் மணி நேரத்தில் எல்லாம் நின்று, இலைகூட அசையவில்லை. அக்கா பள்ளியில் பேச்சுப்போட்டிக்குக் கிளம்பினாள். ஒன்பது மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள்; ஆள் இல்லையென்றால் ஆறு மாத உழைப்பு கோவிந்தா.

நான் கம்பிக்கதவைப் பூட்டிச் சாவியைக் கால்சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். பாக்கெட்டில் அல்ல, யாரும் கைவைக்கத் தயங்கும் இடத்தில்.

காரணம் மாமா. அம்மாவின் தம்பி, நாகப்பட்டினத்திலிருந்து வந்து, எங்களுடன் தங்கித் துவாஸில் வேலை பார்த்தார். அவர் சிறுவனாக இருந்தபோது ஊரில் ஒரு பெரும்புயல் அடித்ததாம். புயலுக்கு நடுவே காற்று நின்றுவிடும், அதுதான் புயலின் கண், ஓய்ந்துவிட்டதென்று வெளியே போனால் எதிர்த்திசையிலிருந்து திரும்ப அடிக்கும் என்று முந்தைய வாரம்தான் சொல்லியிருந்தார்.

"இது புயல் இல்ல லா," என்றாள் அக்கா. "குளிர் நாட்டுல குளிர்காத்தும் சூட்டுக்காத்தும் முட்டிக்கிற இடம் கோடு மாதிரி நகர்ந்து வரும்ல, அந்த மாதிரி இதுவும் ஒரு கோடு. ஒரு தடவ கடந்து போயிடும். புயல்னா வட்டம். கடல் சூட்டக் குடிச்சுக்கிட்டே சுத்தும். பூமத்திய ரேகைக்கு இவ்ளோ பக்கத்துல சுத்துறது ரொம்ப அபூர்வம்டா."

போட்டியில் சொல்லியிருந்தால் பரிசே கிடைத்திருக்கும். என்னிடம் சாவிகூடக் கிடைக்கவில்லை.

அம்மா பிரம்பைத் தேடினார். சாங்கியில் வேலையிலிருந்த அப்பா போனில் கத்தினார். நான் அசையவில்லை. அறிவியலில் பாதி மதிப்பெண்ணைத் தொடாதவன், பிடிவாதத்தில் நூற்றுக்கு நூறு.

மாமா மட்டும் திட்டவில்லை. "நான் முதல்ல கீழ போய் நிக்கிறேன். காத்து திரும்பினா கத்துறேன். இல்லன்னா அக்காவ விட்டுடு."

மாமாவின் உயிரைப் பணயம் வைக்கப் பெரிய மனதோடு சம்மதித்தேன். அவரை மட்டும் வெளியே விட்டு மறுபடி பூட்டினேன். கீழே புல்தரையில் நின்று அவர் கையசைத்ததும் கதவைத் திறந்தேன்; அக்கா என் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்துவிட்டு ஓடினாள். சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாளாம். இருந்தும் நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

அவளுடைய பேருந்து போன பிறகும் மாமா மேலே வரவில்லை. கிழக்கையே பார்த்தபடி அரைமணி நேரம் அங்கேயே நின்றார்.

"பாத்தீங்களாம்மா, மாமாவே என் கட்சி," என்று பீற்றிக்கொண்டேன். அம்மா ஜன்னலருகே வந்து தம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாகப்பட்டினத்தில், காற்று நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில், அவர்கள் வீட்டிலிருந்து யார் வெளியே போனார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.