தப்பாக அமுக்கச் சொன்னவர்

துபாயிலிருந்த கணவரின் மெயிலைப் பார்க்கக் கைக்குழந்தையோடு தாம்பரம் பிரவுசிங் சென்டருக்குப் போவேன். அதை நடத்திய சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர், ரத்தம் கொடுப்பவர்களைத் தேட ஒரு வெப்சைட் செய்துகொண்டிருந்தார். கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று என்னை உட்காரவைத்துப் பார்ப்பார். மவுஸைத் தொடமாட்டார், கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். நான் தயங்கினால், "ஏன் நின்னீங்கக்கா?" என்று கேட்டு அந்த இடத்தை மாற்றுவார்.

"எல்லாம் அழிஞ்சுட்டா?"

"தப்பா அமுக்குங்கக்கா. அதுக்குத்தான் உங்கள கூப்ட்டேன்."

குழந்தையைத் தவிர அப்போது எனக்கிருந்த பேச்சுத்துணை அவ்வளவுதான்.

ஒருநாள் தடங்கலின்றிக் கடைசிப் பட்டன்வரை வந்துவிட்டேன்.

"முடிஞ்சுதுக்கா. இனிமே உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

என் விரல் நின்றுவிட்டது.

அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அப்ப நாளைக்கும் வாங்கக்கா."

ஏன் நின்றேன் என்று அன்று மட்டும் கேட்கவில்லை.