ஐ.சி. இல்லாதவர்களுக்கு ஓர் அட்டவணை

டேட்டாபேஸ் பாடத்துக்கு அந்தப் பருவம் இருவர் இருவராக ஒரு புரொஜெக்ட் செய்ய வேண்டும். மூன்றாவது வாரம் விரிவுரையாளர் பலகையில் ஐந்து தலைப்புகளை எழுதினார். ஹோட்டல் முன்பதிவு, நூலகம், கிளினிக், வாடகைக் கார், ஃபுட்சால் மைதானம். வேறு ஏதாவது செய்ய விரும்பினால் வெள்ளிக்கிழமைக்குள் வந்து கேட்கலாம் என்றார். யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

என்னோடு ஜோடி சேர்ந்தவள் பாசிர் பெனம்பாங்கிலிருந்து வருகிற சீனப் பெண். ஆற்றோரத்தில் அவள் குடும்பத்துக்கு மீன் சாப்பாட்டுக் கடை இருந்தது. நாங்கள் மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் பேசிக்கொள்வோம்.

"ஹோட்டல் தலைப்ப எடுத்து எங்க கடை மேசை புக்கிங்கையே பண்ணிடலாம் லா. எல்லா விவரமும் கையில இருக்கு. ரெண்டு வாரத்துல முடிஞ்சிடும்" என்றாள். நானும் சரி என்றேன். அவளுக்கு உபகாரச் சம்பளம் நிலைக்க 'ஏ' தேவை. எனக்கும் 'ஏ' கசக்காது.

அன்று இரண்டாவது மணி நேரத்தில் விரிவுரையாளர் கிளினிக்கை எடுத்துக்காட்டாக வைத்துப் பாடம் நடத்தினார். நோயாளிகள் அட்டவணையில் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்ட எந்த விவரத்தை வைக்கலாம் என்று கேட்டார். ஐ.சி. நம்பர், அதாவது அடையாள அட்டை எண், என்று வகுப்பே சொன்னது.

"சரி. எல்லாருக்கும் இருக்கு, ஒருத்தருக்கு இருக்கிற நம்பர் இன்னொருத்தருக்கு இல்ல. அதனால இந்தக் கட்டம் காலியா இருக்கக்கூடாது."

நான் கையைத் தூக்கினேன். "ஐ.சி. இல்லாதவங்க வந்தா, சார்?"

"வெளிநாட்டுக்காரங்களா? பாஸ்போர்ட் நம்பர்."

"பாஸ்போர்ட்டும் இல்ல. இங்கேயே பிறந்தவங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "அது ரொம்ப அபூர்வம். அதுக்காக யாரும் மொத்த சிஸ்டத்தையும் மாத்த மாட்டாங்க."

"எங்க வீட்ல ஒருத்தர் இருக்காங்க சார். காலையில எனக்கு நாசி லெமாக் கட்டிக் கொடுத்ததே அவங்கதான்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். வகுப்பு முடிந்து படியிறங்கும்போதே தோழியிடம் சொன்னேன், கடை புக்கிங் வேண்டாம் என்று.

அந்த ஒருத்தர் என் அத்தை, அப்பாவின் தங்கை. அப்பா ஆஸ்பத்திரியில் பிறந்தவர், பிறப்புப் பத்திரம் இருந்தது. அத்தை தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டிலேயே பிறந்துவிட்டாள். மருந்துக்கொட்டகை நர்ஸம்மாதான் பிரசவம் பார்த்து, பதிவுக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். தாத்தா நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, குடும்பம் வேறு தோட்டத்துக்கு மாறியபோது அந்தச் சீட்டைத் தொலைத்துவிட்டார். ஆறாம் வகுப்புச் சோதனைக்குப் பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். அன்றோடு அத்தையின் படிப்பு நின்றது. பெண் கேட்டு வந்தவர்களும் கல்யாணப் பதிவுக்கு என்ன செய்வது என்று யோசித்துப் பின்வாங்கினார்கள். நாற்பத்தாறு வயதிலும் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவள் பெயரைப் புத்தகத்தில் எழுதாமல்தான் வேலைக்குக் கூட்டிப்போவார்.

ஐ.சி. இல்லாதவர்களின் தாள்களைச் சேர்த்துவைக்க ஒரு டேட்டாபேஸ் செய்யப்போகிறேன் என்று அன்று மாலை அவளிடம் சொன்னேன். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என் பேர கம்ப்யூட்டர்ல ஏத்தி, அது எங்கேயாச்சும் போய் மாட்டிக்கிட்டா?"

"பேர யாருக்கும் காட்ட மாட்டேன் அத்தை. கல்லூரியில காட்டுறப்ப வெறும் நம்பர்தான் இருக்கும்."

உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தாள். தேவாலயத்திலிருந்து வாங்கிய ஞானஸ்நானப் பதிவின் நகல், பள்ளிக்கூடத்துக் கடிதம், தோட்ட ஆபீசில் கணக்கெழுதிய பழைய கிராணி கொடுத்த தாள், தடுப்பூசி அட்டை. நான்கிலும் அவள் பெயருக்கு நான்கு விதமான எழுத்து.

"ஏத்துறதுன்னா ஏத்து. ஆனா என் பேர ஒரு தடவையாச்சும் ஒழுங்கா எழுது" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு கோபத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை விரிவுரையாளரின் அறைக்குத் தனியாகப் போனேன். அவரும் தமிழர்தான். அறைக்குள் தமிழில் பேசினார்.

"இது சமூகப் பிரச்சினைம்மா. டேட்டாபேஸ் பிரச்சினை இல்ல. ஹோட்டல் எடுத்துக்கோ. மார்க் வரும்."

"டேட்டாபேஸ் பிரச்சினைதான் சார். ஒரு ஆளுக்கு நாலு பேர். ஒரே சாட்சி பல பேருக்குக் கையெழுத்துப் போட்டிருப்பாரு. எந்தத் தாள் இருக்கு, எது இல்லன்னு யாருக்கும் தெரியாது. ஹோட்டல்ல இவ்வளவு சிக்கல் வராது."

"உன் கூடச் செய்யற பொண்ணு ஒத்துக்கிட்டாளா?"

ஒத்துக்கொண்டாள் என்று பொய் சொன்னேன். மார்க் குறைந்தால் தன்னிடம் வந்து நிற்கக்கூடாது என்றார். நிற்க மாட்டேன் என்றேன்.

அந்த வாரம் முழுக்கத் தோழி என்னோடு பேசவில்லை. "உனக்கு உன் குடும்பம். எனக்கு என் உபகாரச் சம்பளம்" என்று ஒரே ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். அதில் தவறில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு மட்டும் வந்து போ, பிறகும் வேண்டாம் என்றால் நான் தனியாகச் செய்கிறேன் என்றேன். வந்தாள். அத்தை அவளுக்கு நண்டுக் குழம்பு வைத்தாள். மீன்கடைக்காரர் மகளுக்கே நண்டா என்று அப்பா கிண்டல் செய்தார். சாப்பிட்டு முடித்ததும் தோழி கைகழுவி வந்து தாள்களைத் தரையில் பரப்பினாள். ஒரு மணி நேரம் அவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு, "பேர்களுக்குத் தனி அட்டவணை போடணும்" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்ன சம்மதம்.

அத்தை மட்டும் போதாது என்று இன்னும் நான்கு பேரைத் தேடிப் போனோம். மூவர் எங்கள் தோட்டத்திலேயே இருந்தார்கள். நான்காவது, சுங்கை புரோங்கில் வயல்வேலை செய்கிற ஓர் அக்காள். ஒவ்வொருவரிடமும் ஒரு பை இருந்தது. எல்லாவற்றையும் ஏற்றினோம். ஒரு பெயரை எத்தனை விதமாக எழுதியிருந்தாலும் அத்தனையையும் ஒரே ஆளோடு சேர்க்கும்படி அமைத்தோம்.

ஒன்பதாம் வாரம் நூலகத்தில் உட்கார்ந்து, ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் தாள்களில் வருகிற சாட்சி யாராவது உண்டா என்று சும்மா சோதித்துப் பார்த்தோம். ஒரு வரி வந்தது. அத்தையின் ஞானஸ்நானப் பதிவில் ஞானத்தாயாக இருந்தவரும், சுங்கை புரோங் அக்காளுக்குப் பிறப்புச் சாட்சி சொன்னவரும் ஒரே ஆள் போலத் தெரிந்தது. எழுத்து வேறு, தகப்பன் பெயர் ஒன்று. அக்காளின் தாளில் சபாக்கில் ஒரு முகவரி இருந்தது.

வீட்டுக்கு ஓடிப்போய் அத்தையிடம் கேட்டேன். "அது நர்ஸம்மா. எனக்குப் பிரசவம் பார்த்தவங்களே ஞானத்தாயா நின்னாங்க. இந்தியாவுக்குத் திரும்பிப் போயிட்டாங்கன்னு அப்பா சொன்னாரு" என்றாள்.

சனிக்கிழமை தோழியின் வீட்டு மீன் வேனில் சபாக் போனோம். மூன்று பேரும் முன்சீட்டில். ஐஸ் பெட்டி நாற்றத்தில் அத்தை வழி முழுக்க முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்த கிழவிக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. தோட்டத்தின் பெயரையும் தாத்தாவின் பெயரையும் இரண்டு முறை சொன்னோம். அவர் அத்தையின் முகத்தைப் பார்த்தார்.

"கடைசி லயம். நல்ல மழை. தலை வந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டானுங்க." பிறகு கேட்டார்: "உங்கப்பன் அந்தச் சீட்ட கொண்டுபோய்க் கொடுக்கலையா?"

அத்தை இல்லையென்று தலையாட்டினாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "நீங்க வந்து சொல்வீங்களா?" என்றாள்.

"எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

சொன்னபடி வந்தார். அந்த மாதமே, அத்தைக்குப் பிரசவம் பார்த்தது தான்தான் என்று சத்தியப் பிரமாணத்தில் கையெழுத்துப் போட்டார்.

கடைசி வாரம் வகுப்பில் புரொஜெக்டைக் காட்டினோம். பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும். ஐ.சி. கட்டம் ஐந்து வரிகளிலும் காலி. விரிவுரையாளர் நிறையக் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் தோழிதான் முந்திக்கொண்டு பதில் சொன்னாள். சபாக் பயணத்தைப் பற்றி நாங்கள் வாய் திறக்கவில்லை. அதை மார்க்குக்காக விற்க எனக்கு மனமில்லை. பி பிளஸ் கொடுத்தார். பரப்பு அதிகம், தலைப்பைச் சுருக்கியிருக்கலாம் என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

"கடை புக்கிங் பண்ணியிருந்தா ஏ வந்திருக்கும்" என்றாள் தோழி.

"ஆமா."

"பரவால்ல லா. மத்த பாடத்துல பிடிச்சிக்கலாம்." பிடித்தாள்.

அத்தையின் பிறப்புப் பதிவுக்கான விண்ணப்பம் உள்ளே போய்விட்டது. பதில் இன்னும் வரவில்லை. வரும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவளே பஸ் ஏறிப்போய்க் கேட்டுவிட்டு வருகிறாள். முன்பெல்லாம் எங்கே போனாலும் அப்பா கூடப் போக வேண்டும். இப்போது தனியாகப் போகிறாள். இதற்கிடையே சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் பைகளோடு வரத் தொடங்கியிருக்கிறார்கள். இறுதியாண்டு புரொஜெக்டுக்கும் இதையேதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு சொல்லைக்கூடச் சுருக்கவில்லை.