ஏட்டு திருப்பிவிட்ட பொள்ளாச்சி பஸ்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போலீஸ் ஏட்டு பூபதிராஜாவைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் லத்தியை ஓங்கி யாரும் பார்த்ததில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டி வருபவனைப் பிடித்தால், அவன் மாமியாருக்குப் போன் போட்டு வந்து கூட்டிப்போகச் சொல்வார். அதற்குப் பயந்தே பலர் ஒழுங்காக இருந்தார்கள்.

அப்பேர்ப்பட்டவருக்கே ஒரு குழி தண்ணி காட்டியது. பொள்ளாச்சி ரோட்டில், வாய்க்கால் பாலத்தைத் தாண்டிய வளைவில், மழைக்குத் தார் பெயர்ந்து உண்டான குழி. விழுந்தவர்களைத் தூக்கிவிடுவதே அவருக்கு வேலையாகிப்போனது. ஸ்டேஷனிலிருந்து மராமத்து ஆபீசுக்கு எழுதினார்கள், மறுபடியும் எழுதினார்கள். பூபதிராஜா நேரிலேயே போனார். என்ஜினியர் மோகனசுந்தரம் நாற்காலியில் சாய்ந்தபடி, "எஸ்டிமேட் மேல போயிருக்குதுங்க ஏட்டு" என்றார். எவ்வளவு மேலே என்று சொல்லவில்லை.

ஒருநாள் காலை, சொசைட்டிக்குப் பால் கொண்டுபோன ராமாத்தாள் மொபெட்டோடு விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். தூக்க ஓடிவந்த பூபதிராஜாவிடம், "ஏனுங்க, நாங்க உழுகறதை எண்ணறதுக்குத்தான் உங்களை இங்க நிறுத்தியிருக்கறாங்களா?" என்று கேட்டாள். அவருக்குச் சுருக்கென்றது.

எஸ்.ஐ.யிடம் போய் நின்றார். "இனி ஒருத்தரும் விழக்கூடாது, என்ன செய்யணுமோ செய்யுங்க" என்றார் எஸ்.ஐ. அது போதும்.

மறுநாள் விடிந்தபோது வளைவில் கயிறு கட்டி, 'அபாயம்' என்ற பலகை தொங்கியது. வண்டிகள் பக்கத்துச் சந்தில் திரும்பின. சுற்றுவழிகளில் அதுதான் கிட்டம். மோகனசுந்தரத்தின் வீடும் அதில்தான் இருந்தது என்பதைப் பூபதிராஜா யாரிடமும் சொல்லவில்லை.

பொள்ளாச்சி பஸ் முதல் ஆரனை அந்த வீட்டு ஜன்னலுக்கு நேராக அடித்தது. பின்னாலேயே தேங்காய் லாரி, செங்கல் டெம்போ, கோழி வண்டி. கொடியில் காய்ந்த வேட்டி ஒன்று வைக்கோல் லாரியில் மாட்டிக்கொண்டு ஊரைவிட்டே போனது.

மோகனசுந்தரம் பனியனோடு ஓடிவந்தார். "யாரைக் கேட்டு எங்க ஊட்டு வழியா பஸ்ஸை உட்டீங்க?"

பூபதிராஜா விறைப்பாக சல்யூட் அடித்தார். "குழியைக் கேட்டுத்தானுங்க. அது மூடற வரைக்கும் இதுதான் வழிங்க சார்."

"மேல சொல்லி உங்களை மாத்திருவேன்!"

"மாத்துங்க. புதுசா வர்ற ஆளுக்கும் இதே குழிதானுங்க."

மோகனசுந்தரம் மேலே பேசத்தான் பேசினார். ஆனால் பேசியது எஸ்டிமேட்டைப் பற்றி. மறுநாளே ஜல்லியும் தாரும் ரோலரும் வந்து இறங்கின. ராமாத்தாள் கைக்கட்டோடு வந்து நின்று, "ஓரத்துல இன்னுங் கொஞ்சம் கொட்டுங்க" என்று வேலை வாங்கினாள்.

சில வாரம் கழித்து மோகனசுந்தரம் ஸ்டேஷனுக்கு வந்தார். லாரிகள் ஓடியதில் அவர் சந்து குண்டும் குழியுமாகிவிட்டது. அது பஞ்சாயத்துப் பாதை. "எத்தனை வாட்டி சொல்லியும் பஞ்சாயத்துல கேக்க மாட்டேங்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை எழுதுனா நல்லா இருக்கும்" என்றார்.

பூபதிராஜா நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ வரவழைத்துக் கொடுத்தார். பிறகு முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு கேட்டார்: "பஞ்சாயத்து பிரசிடெண்ட் ஊடு எந்தத் தெருவுலீங்க?"

மோகனசுந்தரத்துக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. விளங்கியதும் அவர் சிரித்த சிரிப்பில், என்னவோ ஏதோவென்று எஸ்.ஐ. அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.